வெடிக் கம்பெனி வாசலில் கேட்க வேண்டிய ஆல்பங்கள்

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் பயப்படுகிற சாமான் செல்போன். அதை வாங்கி வைப்பதுதான் என் உத்தியோகம்.

ஏழாயிரம்பண்ணை தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே போகிற மண்ரோட்டில், கம்பெனி கேட்டுக்கு வெளியே, வேன்கள் நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. காலையில் வேன் வந்ததும் ஆளுக்கொரு போனை என்னிடம் நீட்டிவிட்டு, நம்பர் போட்ட ஒரு மர வில்லையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வில்லையைக் கொடுத்தால் போன் கைக்கு வரும். நடுவில் உள்ள நேரம் முழுக்க அந்த மர அலமாரிக்கும் எனக்கும்தான் பேச்சு வார்த்தை. எனக்கு வயது பத்தொன்பது. எல்லோரும் கூப்பிடுகிற பெயர் மைனா. ஏனென்றால் மனுசர் குரல், மாட்டுக் குரல், பழுதான மிக்ஸியின் குரல் எது காதில் விழுந்தாலும் எனக்கு அதைத் திருப்பிச் செய்து பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் தொண்டை அரிக்கும்.

கோயம்புத்தூரில் படித்த என் மாமா மகன், ஹாஸ்டலில் நிரப்பி வைத்திருந்த பாட்டுகளோடு தன் பழைய போனை எனக்குத் தள்ளிவிட்டான். எல்லாம் இங்கிலீஷ். ஆல்டர்நேட்டிவ் ராக், இண்டி பாப் என்று சொல்கிற ஜாதி. பாடியவர்கள் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் புண்ணியவான் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு வெறும் நம்பர் போட்டிருக்கிறான், அட்டைப்படம் மட்டும் தெரியும், அதையே நான் பெயராக வைத்துக்கொண்டேன். போதாததற்கு ஸ்கிரீனின் கீழ்ப்பக்கம் செத்துப்போச்சு. அடுத்த பாட்டுக்குத் தாவ வழியில்லை. ஒரு ஆல்பத்தைத் தொட்டுவிட்டால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசிவரை கேட்டே தீர வேண்டும். "என்ன கருமத்தடீ கேக்குற?" என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே காதில் இயர்போனோடு திரிகிற என் சக பாவிகளே, அப்படிக் கேட்டதில் தேறிய சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

மஞ்சள் துண்டு

அட்டையில் கொடியில் காய்கிற ஒரு மஞ்சள் துண்டு, அவ்வளவுதான். பாடுகிற பிள்ளை, பக்கத்து ரூமில் யாரோ தூங்குவதுபோல ஆல்பம் முழுவதையும் கிசுகிசுத்தே முடித்துவிடுகிறாள். ஒரு கிடார். மேசையை விரலால் தட்டுகிற மாதிரி ஒரு தாளம். மூன்றாம் பாட்டில் நாற்காலியை இழுக்கிற சத்தம் ஒன்று வருகிறது. அதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சத்தத்துக்காகவே எனக்கு அந்த ஆல்பத்தின்மேல் உயிர். மத்தியானம் காற்று செத்துக் கிடக்கும்போது கேளுங்கள், யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எங்கள் வேன் டிரைவர் செல்வம் அண்ணன் காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம்வரை என் கொட்டகையில்தான் கிடப்பார். பாட்டு என்றால் பக்கத்து ஊர்வரைக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு நாள் இயர்போனில் ஒரு பக்கத்தைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, வேன் எஞ்சினில் கோளாறு எங்கே என்று பார்க்கிற மாதிரி கண்ணை இடுக்கிக் கேட்டார். மூன்று பாட்டு வரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தார். அப்புறம் நிஜமாகவே கவலையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏ மைனா, இந்தப் பிள்ளைக்கு ஒரு சோடா வாங்கிக் குடுக்க வீட்ல ஆளே இல்லையா?"

உடைந்த நாற்காலி

இது எதிர்க்கட்சி. அட்டையில் கால் முறிந்த நாற்காலி. உள்ளே கிடார், டிரம்ஸ், தொண்டை மூன்றுக்கும் வெட்டுக்குத்து. ஒவ்வொரு பாட்டும் முடியாமல், கதவை அறைந்து சாத்துகிற மாதிரி நின்றுபோகும். யாரிடமாவது வசவு வாங்கிவிட்டு, பதில் சொல்லத் தைரியம் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு ஏற்ற ஆல்பம்.

எங்கள் போர்மேன் சுந்தரம் அண்ணாச்சியின் குரல் என் சொத்துகளில் முக்கியமானது. ஒரு நாள் காலையில் பெண்கள் குழாயடியில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது, தகரத்துக்குப் பின்னால் நின்று அந்தக் குரலை எடுத்துவிட்டேன்: "ஏ யாரது! கொண்டையில என்ன ஊசியா? கழட்டு! அங்கன யாரு நைலான் சேலையில வந்தது?" தீப்பொறி கிளப்புகிற எதையும் உள்ளே விட மாட்டார்கள் என்பதால், அம்புட்டுப் பேரும் கொண்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சிரித்து முடித்துத் திரும்பினால் பின்னால் அசல் அண்ணாச்சி நிற்கிறார். அவர் திட்டவில்லை. "காதுல என்ன?" என்றார். கழற்றி நீட்டினேன். உடைந்த நாற்காலி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே உறுமுகிற இந்த மனுசர் கேட்டுக்கு உள்ளே போனால் பூனை மாதிரிப் பேசுவார். அதுதான் அங்கே முறை. மருந்து ரூம் பக்கம் யாரும் சத்தம் போடக் கூடாது. ஒருத்தர் பதறினால் கை தவறும், கை தவறினால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. எவ்வளவு கோபம் வந்தாலும் அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "தாயி, அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றுதான் சொல்லுவார். கழுத்தில் விசில் தொங்க, நின்றபடியே ஒரு முழுப் பாட்டைக் கேட்டுவிட்டு இயர்போனைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "உள்ள நான் கத்த முடியாததையெல்லாம் இந்தப் பய மொத்தமா கத்தித் தீத்துட்டான் புள்ள."

காகிதக் கப்பல்

மேகம் திரண்டு இடிச் சத்தம் லேசாகக் கேட்டாலே போதும், அண்ணாச்சி விசில் ஊதிவிடுவார். எல்லா ரூமையும் காலி செய்துவிட்டு, ஆட்கள் மொத்தமாக வெளியே என் கொட்டகைக்கு வந்து நிற்க வேண்டும். மின்னலை நம்பி யாரும் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. ஊரெல்லாம் மழைக்கு உள்ளே ஓடும். நாங்கள் வெளியே ஓடி வருவோம். அந்த நேரம்தான் எங்கள் பாட்டுக் கச்சேரி. போனைக் கழுவித் துடைத்த தூக்குவாளிக்குள் இறக்கி வைத்தால் சத்தம் நன்றாக எடுபடும். கொஞ்சம் புளிக்குழம்பு வாசமும் சேர்ந்து வரும்.

அப்படி ஒரு நாள் காகிதக் கப்பல் ஆல்பத்தைப் போட்டேன். கைதட்டும் துள்ளலும் நிறைந்த மெட்டு. இரண்டாம் பாட்டுக்கே பாதிப் பேர் இடுப்பில் முந்தானையைச் செருகிவிட்டார்கள். மாரீஸ்வரி மட்டும் ஆடவில்லை. கல்யாணமான புதுசு, மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. "ஏ மைனா, இவன் என்னதான் சொல்றான்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துச் சொன்னேன்: "யாரோ மறந்துவச்சிட்டுப் போன குடையத் திருப்பிக் குடுக்கப் போனானாம். அந்த வீட்ல இப்ப வேற ஆளுக குடியிருக்காகளாம்." ஆடினவர்கள் நின்றுவிட்டார்கள். தூக்குவாளிக்குள் கைதட்டல் மட்டும் தொடர்ந்து கேட்டது. மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். "அதான பாத்தேன். அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவி, பவுடரும் போட்டுட்டு வந்து பாடுறான்."

இந்த ஒரு வரியை எந்த விமர்சகராவது எழுதியிருந்தால் நான் இண்டி பாப் என்றால் என்ன என்று இவ்வளவு நாள் மண்டையை உடைத்திருக்க மாட்டேன். ஆனால் கடைசிப் பேச்சு எங்கள் ஆட்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், மறுநாள் காலை வேனில் ஏறும்போது அவளே சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன்: "ராத்திரியே அவுகளுக்குப் போன் போட்டு, என் குடை எங்க இருக்குன்னு கேட்டுட்டேன்!"

வாயாலேயே ஒரு ஆல்பம்

வேனில் போகும்போது என் போனுக்குச் சார்ஜ் இருக்காது. அதனால் ஆல்பத்தை நானே வாயால் வாசித்துவிடுவேன். டிரம்ஸுக்குக் கன்னம், பேஸ் கிடாருக்கு அடித்தொண்டை, மற்ற கிடாருக்கெல்லாம் மூக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து இதை ரொம்ப உன்னிப்பாகக் கேட்பது பேச்சி பெரியம்மா ஒருத்திதான். செல்வம் அண்ணனைப் பெற்றவள். சரவெடி பின்னுகிற ரூமில் வேலை. கை அவ்வளவு சுறுசுறு.

முந்தி வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, இரண்டு ரூம் தள்ளி வெடித்துவிட்டது. பெரியம்மாவுக்கு மேலில் ஒரு கீறல் இல்லை. அந்த ரூமில் இருந்தவர்களைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. அன்றைக்கு அவள் காதுக்குள் தொடங்கிய ஒரு சத்தம் மட்டும் இன்றைக்கு வரைக்கும் நிற்கவில்லை. டாக்டர் ஒருத்தர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். படுத்தால் தூக்கம் இல்லை. "ஒனக்குக் கேக்குதா, ஒனக்குக் கேக்குதா" என்று வீட்டில் ஒவ்வொருவரையாய் எழுப்பிக் கேட்டதில் மருமகள் பயந்துபோனாள். செல்வம் அண்ணன் இது காத்துக்கருப்பு வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டார். வருகிற அமாவாசைக்கு, உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போவது, அதோடு வேலைக்கும் முழுக்குப் போட வைப்பது என்று ஏற்பாடு. பெரியம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "கோடாங்கி அடிச்சா அடிச்சிட்டுப் போறான். பெத்த மகன், இல்லாத சத்தத்தக் கேக்கேன்னு சொல்றான் பாரு, அதத்தான் தாங்க முடியல."

நான் உலகத்துச் சத்தங்களுக்கெல்லாம் ஏஜென்ட் ஆயிற்றே, இதைச் செய்ய முடியாதா? தினமும் வேனில் ஒரு சத்தம் செய்து காட்டுவேன். சில்வண்டு. விசிலுக்கு முந்தின குக்கர். டிரான்ஸ்பார்மர். ஸ்டேஷன் கிடைக்காத டிவி. மரம் அறுக்கிற மில். பெரியம்மா கண்ணை மூடி, குழம்பில் உப்புப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவாள். முன்சீட்டில் செல்வம் அண்ணன், "அதுகூடச் சேந்து நீயும் பைத்தியமா அலை" என்று கியரை மாற்றுவார். என்னிடம் சரக்கு தீர்ந்துபோன அன்றைக்குப் பெரியம்மாதான் என் கன்னத்தைத் தடவி எனக்கு ஆறுதல் சொன்னாள்: "கிட்டக்க வந்துட்ட தாயி. இது ஒத்தச் சத்தம் இல்ல, நாலஞ்சு சேந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரும். ஒரு வாய வச்சு நீ என்ன செய்வ?"

சாம்பல் அட்டை

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த ஆல்பம் பிடிக்காது. அட்டையில் படமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். கிடார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அடுக்கி, எது கிடார் எது காற்று என்று தெரியாத ஒரு பெரிய இரைச்சலாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு அடியில், மூடிய கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஒருத்தன் என்னவோ முணங்குகிறான். தாவ முடியாத போனாயிற்றே. இந்த ஆல்பம் தானாக வந்துவிட்டால் இயர்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, அது தீருகிறவரை மாமா மகனைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் கழற்றிப் போட்டிருந்தேன். மேகம் கூடி, அண்ணாச்சி விசில் ஊதி, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது பேச்சி பெரியம்மா. "என்னம்மா, இன்னைக்கு எந்தக் கச்சேரி?" என்று இயர்போனை எடுத்துக் காதில் வைத்தவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் அவசரமாக, "பெரியம்மா, அது ஆகாது, கழட்டுங்க, வேற போடுறேன்" என்றேன். அவள் இன்னொரு கையால் என்னைப் பேசாதே என்றாள். மெதுவாக மணலில் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடி வந்தார்கள். மாரீஸ்வரி தண்ணீர் எடுத்து வந்தாள்.

பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஊரில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. பாட்டு முடிந்ததும் ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினாள். எங்கள் எல்லோரையும் பார்த்து, "இதுதான்" என்றாள். "இதேதான். கீழ ஒருத்தன் முணங்குறது மட்டும்தான் எனக்கு இல்ல." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக விசாரித்தாள்: "ஏ தாயி, இந்தத் தம்பி எந்தக் கம்பெனியில வேல பாத்தாராம்?"

அதே சாம்பல் அட்டை, செல்வம் அண்ணன் காதில்

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. மதுரையிலிருந்து பெரிய டாக்டர் பேசுகிற மாதிரி செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டு, தொண்டையைக் கனைத்து, "உங்க அம்மாவுக்குக் கேக்குறது நிஜம்தான் மிஸ்டர் செல்வம்" என்று ஒரு போடு போடுவது. குரல்கூட ரெடி. பெரியம்மாவிடம் பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வேண்டாம் என்றாள். "ஒங் குரலும் வேண்டாம், எங் குரலும் வேண்டாம். அந்தத் தம்பியே சொல்லட்டும்."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மண்ரோட்டில் தண்ணீர் வடிகிறவரை வேனை எடுக்க முடியாது. எல்லோரும் ஏறி உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா முன்சீட்டில் போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏலே செல்வம், இதக் கொஞ்சம் மாட்டு" என்றாள். அவர், "அம்மா, இப்பப் போயி…" என்று இழுத்தார். ஆனால் மாட்டிக்கொண்டார். இதற்காகவே சார்ஜை மிச்சம் பிடித்து வைத்திருந்த என் போனைப் பெரியம்மா வாங்கி வால்யூமை வைத்தாள். அவருடைய மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து ஏற்றினாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். ஆங், இம்புட்டு."

கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, செல்வம் அண்ணன் முகம் சுளித்து இயர்போனைப் பிடுங்கிவிட்டார். "என்னம்மா இது, மண்டையே பிளந்துரும்போல!" கூரையில் மழைதான் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சட்டைப் பித்தானைக் காட்டுகிற மாதிரி, அவர் கையில் தொங்கிய இயர்போனைக் காட்டினாள். "நீ கழட்டிட்டய்யா. நான் எதக் கழட்ட?"

செல்வம் அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். திரும்பவும் மாட்டினார். இந்த முறை பிடுங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஊர்வரைக்கும் வேன் ஓட்டுகிறவர்போல அந்தப் பாட்டு முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கழற்றிவிட்டு, பின்னால் நாங்கள் எல்லாம் இருக்கிறோம் என்பதையே மறந்து கேட்டார்: "தூங்கும்போதுமாம்மா?"

மறுபடியும் மஞ்சள் துண்டு

அமாவாசை வந்தது. கோடாங்கி வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. அன்றைக்கு வேனை இன்னொரு டிரைவர் ஓட்டினார். செல்வம் அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரையில் காது டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார். வந்து சொன்னார்: இதற்கு ஒரு பேரே இருக்கிறதாம், நிறையப் பேருக்கு இருக்கிறதாம், சட்டென்று போகாதாம். பெரிய சத்தம் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சாம்பல் அட்டைக்குத் தடா. படுக்கும்போது பக்கத்தில் மெதுவாக ஏதாவது சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற சத்தம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுமாம். பெரியம்மா மறுநாளே சரம் பின்ன வந்துவிட்டாள். வில்லையை முடிந்துகொண்டே, "பேரு வச்சிட்டாகளாம்ல என் சத்தத்துக்கு" என்று குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெதுவான சத்தத்துக்குச் செல்வம் அண்ணன் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். பழைய டேபிள் ஃபேனை ஓடவிட்டார், அது மில் மாதிரி உறுமியது. குழாயைச் சொட்ட விட்டார், மருமகள் எழுந்து மூடிவிட்டாள். ஒரு நாள் காலையில் கொட்டகைக்கு வந்து, என்னிடம் வேலையே இல்லாத மாதிரி கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன அண்ணே?" என்றேன். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். "நேத்து உன் போன வாங்கிட்டுப் போச்சே அம்மா, அதுல என்னமோ ஓடவிட்டுட்டுப் படுத்துச்சு" என்றார். என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அந்தச் சோடாப் பிள்ள பாட்ட இதுலயும் ஏத்திக் குடு. சத்தமாச் சிரிக்காத, அம்மா வேன்ல இன்னும் தூங்கிட்டு இருக்கு."

இப்போது சாயங்கால வேனிலும் அதுதான் ஓடுகிறது, ஊர் வருமுன்னே பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். ஆக, சக பாவிகளே, பாடுகிறவர்கள் எல்லோரும் கேட்கிற ஆள் தூங்கிவிடக் கூடாதே என்று பயந்து சாகிற இந்த உலகத்தில், தூங்க வைத்தே ஒரு வேன் நிறைய ரசிகர்களைச் சம்பாதித்த பிள்ளை எங்கள் மஞ்சள் துண்டு ஒருத்திதான், அவளுக்கும் அது தெரியாது, எங்களுக்கும் அவள் பேர் தெரியாது.